விரைந்து இறுகுவதும் நிலைத்து நிற்பதும்

வாரம் ஒரு விஞ்ஞானம்

மட்டக்களப்பு வாவியின் மீன்கள் பாடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்டால் அவ்வொலி புலப்படும் என்பர் பெரியோர். வாவியின் மேலே நிற்கும் பாலங்களும் மதகுகளுங்கூடத் தம் நிலையை ஒலியாற் சொல்பவையே. சிறு சுத்தியலால் கொங்கிறீற்றைத் தட்டிக்கொண்டு செல்லும் பொறியியலாளருக்கு நல்ல பாகத்தில் கணீரென்ற ஓசை கேட்கும். உள்ளே பிளந்துபோன பாகத்தில் உடைந்த பானையைத் தட்டினாற் போன்ற வெற்றோசை கேட்கும். முன்னதைக் கேட்க நிலவு வேண்டும். பின்னதைக் கேட்கப் பொறுப்பு வேண்டும்.

இவ்வாரம் இதை எழுதத் தூண்டியது ஒரு கடிதம். படுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "எங்கள் ஊர் மதகை ஓர் இரவிலேயே செப்பனிட்டார்கள். மறுநாட் காலை பேருந்து அதன்மேற் சென்றது. ஊரே வியந்தது. முதல் மாரி கழிந்ததும் புதிய ஒட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்தது. இரண்டாம் மாரியில் ஓரம் பிளந்து கம்பி வெளியே தெரிந்தது. அந்தக் கார்த்திகையில் அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது அம்புலன்ஸ் வண்டி மதகுக்கு அப்பால் நின்றுவிட்டது. மாமாவும் அண்ணனும் அவரைக் கதிரையில் இருத்தித் தூக்கிச் சென்றார்கள். அம்மம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. விரைவாக இறுகும் சீமெந்து நிலைக்காதா? பிழை சீமெந்திலா, உப்பிலா, மனிதரிலா?"

சிறு பெண்ணின் கேள்வியாயினும் உலகெங்கும் பொறியியலாளர் இரு நூற்றாண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி இதுவே. ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற முற்படுவோம்.

வாவியும் வழியும்

ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் இவ்வாவி நம் மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. நெல்லும் பாலும் படுவான்கரையில். பெரிய வைத்தியசாலையும் அலுவலகங்களும் எழுவான்கரையில். மண்முனைத் துறையில் பாதையேறி வாவியைக் கடந்த காலத்தை முதியோர் மறந்திரார். 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்ட பின்னரே அக்காத்திருப்புத் தீர்ந்தது. கல்லடியில் ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயர் தாங்கிய பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013 மார்ச்சில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இவ்வாறு பெயர் பெற்ற பாலங்கள் சிலவே. பெயரற்ற மதகுகளோ வயல்வெளி எங்கும் பல. அவற்றுள் ஒன்று உடைந்தாலும் அதற்கப்பால் உள்ள ஊர் தீவாகிவிடும். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசம்பர்ப் பேரலையும், 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலும் இவ்வுண்மையை நமக்கு மீண்டும் மீண்டும் கற்பித்தன.

ஆகவே வழி அடைபடும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது வீண் அவசரமன்று. சாதாரண சீமெந்துக் கலவை தன் முழு வலிமையை அடைய 28 நாட்கள் செல்லும் என்பது கணக்கு. அத்தனை நாட்கள் ஓர் ஊரின் ஒரே வழியை அடைத்து வைக்க யாரால் இயலும்? விரைவில் இறுகும் பொருள் தேவையே. அது எவ்விதம் விரைகின்றது, அதற்கு என்ன விலை கொடுக்கின்றோம் என்பதே நாம் அறிய வேண்டுவது.

இரு சொற்கள்

1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளைத் தந்த மண் இது. ஆதலின் சொல்லை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். இறுகுதல் வேறு, வன்மையடைதல் வேறு. குழைத்த சாந்து கையாற் பிசைய முடியாதபடி கெட்டியாவது இறுகுதல். கெட்டியான பின் பாரத்தைத் தாங்கும் வலிமை பெறுவது வன்மையடைதல். மாவை அவித்தால் பிட்டு உருப்பெறுவது ஒன்று. செங்கல் சூளையில் வெந்து சுமை தாங்குவது இன்னொன்று. விரைந்து இறுகுவது விரைந்து வன்மையடையும் என்பதில்லை.

வரலாற்றைப் பாருங்கள். 1796இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பாக்கர் என்பவர் களிமண் கலந்த ஒருவகைச் சுண்ணக்கல்லைச் சுட்டு அரைத்து 'உரோமன் சீமெந்து' என்று பெயரிட்டு உரிமை பெற்றார். அது நீரிலேயே கால் மணி நேரத்தில் இறுகிவிடும். தேம்ஸ் நதியின் அடியே சுரங்கம் அகழ்ந்த மார்க் புறூணல் அதனைப் பயன்படுத்தினார். ஆயினும் அது அடைந்த இறுதி வலிமை குறைவு. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து'க்கு உரிமை பெற்றார். பின்னர் வந்தோர் அதனை மெல்ல இறுகும்படி செம்மைப்படுத்த, காலப்போக்கில் உரோமன் சீமெந்தை அது வென்றது. நிதானமே அங்கு வென்றது.

இன்னும் ஒரு வியப்பு. இன்றைய போட்லண்ட் சீமெந்தும் இயல்பிலே விரைந்து இறுகக்கூடியதுதான். சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகைச் சதம வெப்பத்திற் சுட்டு வரும் கட்டிகளை மட்டும் அரைத்து நீர் விட்டால், குழைத்துக்கொண்டிருக்கும் போதே அது கல்லாகிவிடும். அதனைத் தடுத்து மேசனுக்கு வேலை செய்ய நேரம் தருவதற்காகவே அரைக்கும்போது சிறிது ஜிப்சம் சேர்க்கின்றனர். நம் நாட்டில் காங்கேசன்துறைத் தொழிற்சாலை இயங்கிய நாட்களிலும் வழக்கம் இதுவே. விரைவு எளிது, அதனை அடக்கியாளுவதே கலை.

அவசரத்தின் விலை

பிரான்சில் லபார்ஜ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் யூல் பியே என்பவர், சல்பேற்று உப்பால் அரிக்கப்படாத சீமெந்தைத் தேடி, சுண்ணக்கல்லோடு அலுமினியத் தாதுவான போக்சைற்றைச் சேர்த்து உருக்கினார். 1908இல் உரிமை பெற்ற அவ்வலுமினச் சீமெந்து இறுகுவதில் வழமையான சீமெந்தைப் போன்றதே. ஆயின் போட்லண்ட் சீமெந்து 28 நாளில் அடையும் வலிமையை அது ஒரே நாளில் அடைந்தது. முதல் உலகப் போரில் பீரங்கி மேடைகள் அமைக்க உதவிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் பல பாடசாலைகளின் கூரை விட்டங்கள் அதனாலேயே விரைவாக வார்க்கப்பட்டன.

1974 பெப்ரவரியில் லண்டனின் ஸ்டெப்னிப் பகுதியில் ஒரு பாடசாலை நீச்சற்குளத்தின் மேலிருந்த விட்டங்கள் இடிந்து குளத்துள் வீழ்ந்தன. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அச்சீமெந்தினுள் முதலில் உண்டாகும் பளிங்குகள் நிலையற்றவை என்பதும், வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் அவை வேறு பளிங்குகளாக மாறிச் சுருங்கி உள்ளே நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச் செல்லும் என்பதும் யாவர்க்கும் புலனாயின. ஒரு நாளிற் பெற்ற வலிமையிற் பெரும்பகுதி இவ்வாறு பின்னர் இழக்கப்பட்டது. வெந்நீர்க் குளத்தின் மேலே நிகழ்ந்தது இது. வருடம் முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் வாவிக்கரைக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமோ? அலுமினச் சீமெந்தை இன்றும் சில வேலைகளுக்குப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் முதல் நாளின் வலிமையை நம்பியல்ல, மாற்றத்திற்குப் பின் எஞ்சும் வலிமையைக் கணக்கிட்டே.

இன்றைய பொருட்கள்

இக்காலத்தில் செப்பனிடும் வேலைக்கு முக்கியமாக நான்கு வகைப் பொருட்கள் உண்டு.

முதலாவது, கல்சியம் சல்போஅலுமினேற்றுச் சீமெந்து. கலிபோர்னியாவில் அலெக்சாண்டர் கிளைன் 1960களில் இத்துறையில் உழைத்தார். சீனா 1970கள் முதல் பேரளவில் உற்பத்தி செய்தது. நீர் பட்டதும் ஊசி போன்ற பளிங்குகள் பின்னிப் படர்ந்து சில மணி நேரத்தில் பாரம் தாங்கும் உறுதியைத் தருகின்றன. சுடுவதற்குத் தேவையான வெப்பமும் போட்லண்ட் சீமெந்துக்கு வேண்டியதைவிட ஏறத்தாழ 200 பாகை குறைவு.

இரண்டாவது, மகனீசியப் பொசுபேற்றுச் சீமெந்து. நன்கு சுட்ட மகனீசியம் ஒட்சைட்டுப் பொடியும் உரமாகப் பயன்படும் பொசுபேற்று உப்பும் நீரிற் கலந்தால் பத்து இருபது நிமிடங்களில் கல்லாகின்றன. பழைய கொங்கிறீற்றோடு இறுகப் பற்றிக்கொள்கின்றன. விமான ஓடுபாதைகளிலும் பாலத் தளங்களிலும் இதனைப் பயன்படுத்துவர். அமோனிய உப்பைச் சேர்க்கும்போது உண்டாகும் பளிங்குக்கு 'ஸ்ட்ரூவைற்று' என்று பெயர். மனிதரின் சிறுநீரகக் கற்களில் ஒரு வகையும் இதே பொருள் என்று அறிந்தால் மாணவர் வியப்பர். நம் வெயிலில் இது மேலும் விரைந்து கையிலேயே இறுகிவிடும். ஆதலின் வெண்காரம் சேர்த்துத் தாமதப்படுத்துவர். விலையும் அதிகம்.

மூன்றாவது, சாதாரண சீமெந்தையே மிக நுண்ணியதாக அரைத்தும் விரைவூட்டும் உப்புக்களைச் சேர்த்தும் பெறும் கலவை. இங்கேதான் பெரும் ஆபத்து. மிக மலிவான விரைவூட்டி கல்சியம் குளோரைட்டு. ஒரு காலத்தில் உலகெங்கும் கம்பியிட்ட கொங்கிறீற்றிலும் அதனைச் சேர்த்தார்கள். கம்பியை அது அரிக்கின்றது என்று கண்டபின் அவ்வழக்கம் விலக்கப்பட்டது. குளோரைட்டு இல்லாத விரைவூட்டிகள் இப்பொழுது உள்ளன.

நான்காவது, பல்பகுதியக் குழம்பு சேர்த்த சாந்தும் எப்பொக்சிப் பிசினும். இவை நன்கு ஒட்டும், நீரைப் புகவிடா. ஆனால் பிசின் வெயிலில் கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு விரியும். பழஞ்சேலையில் முரட்டுப் புதுத்துணியை ஒட்டுப் போட்டால் தையலருகே பழந்துணி கிழிவது போல, தடித்த பிசின் ஒட்டு தன்னைச் சுற்றிய கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். வெடிப்புக்களை நிரப்ப அது சிறந்தது. பெரும் குழிகளை நிரப்ப அன்று.

உள்ளிருக்கும் கம்பி

இனி மாணவியின் மதகுக்கு வருவோம். அங்கே புது ஒட்டு நொறுங்கவில்லை. அதைச் சுற்றியே பிளந்தது. இக்குறிப்பிலேயே விடை அடங்கியுள்ளது.

நல்ல கொங்கிறீற்றின் உட்புறம் கடுமையான காரத்தன்மை உடையது. அக்காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கின்றது. உப்பு நீரிலுள்ள குளோரைட்டு நுண்துளைகளின் வழியே ஊறிச் சென்று அப்படலத்தைத் துளைக்கும். துரு உண்டாகும். துருவோ இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். ஆலம் விதை சுவரினுள் முளைத்தாற் போல் அது உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கும். நம் வாவியில் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் கலக்கின்றது. கோடையில் உப்பு ஏறுகின்றது, மாரியில் இறங்குகின்றது. எப்பொழுதும் நீருள் மூழ்கியிருக்கும் பாகத்தைவிட, நனைந்தும் உலர்ந்தும் வரும் நீர்மட்டப் பகுதியே விரைவிற் கெடும். உலரும்போதெல்லாம் நீர் போய் உப்பு தங்கிவிடுவதே காரணம்.

இப்பொழுது, துருப்பிடித்த ஓரிடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதிய சாந்தால் நிரப்புகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கம்பியின் ஒரு பாகம் உப்பற்ற புதுச் சாந்தினுள். அடுத்த பாகம் உப்பூறிய பழங் கொங்கிறீற்றினுள். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். முன்பு துருப்பிடித்த பாகம் தான் அழிந்து தன் அயலைக் காத்தது. இப்பொழுது அது நலம் பெற, அயல் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டைச் சுற்றி வளையமாகக் கறை தோன்றுவது இதனாலேயே. சீமெந்து சிறந்ததாக இருந்தாலும் பயனில்லை.

இதற்கு மாற்றும் உண்டு. ஆஸ்ப்டின் உரிமை பெற்ற அதே 1824ஆம் ஆண்டில், ஹம்பிறி டேவி என்னும் விஞ்ஞானி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அவை தாம் அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று காட்டினார். அதே முறையில், ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளைக் கட்டி உள்ளே புதைக்கின்றனர். துத்தநாகம் தேய்கின்றது, இரும்பு பிழைக்கின்றது.

இத்துறையில் தமிழகத்து அனுபவமும் நமக்கு உதவும். 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகங்களை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்து நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றது. கம்பிகளின் மேற் பூசும் சீமெந்துப் பல்பகுதியப் பூச்சு ஒன்றையும் அது ஆக்கியது. அருகே 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயிற் பாலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்றதற்கு இடைவிடாத பராமரிப்பே காரணம். 2025 ஏப்ரலில் புதிய பாலம் அதன் இடத்தைப் பெற்றது.

ஓர் இரவில் செய்ய வேண்டியது

ஆகவே மாணவிக்கு நாம் கூறும் விடை இது. விரைவாக இறுகும் சீமெந்தும் நிலைக்கும். ஆனால் அது நிலைப்பதற்கான வேலை சீமெந்து மூட்டையை அவிழ்க்கும் முன்பே செய்யப்பட வேண்டும். முதலாவது, சுத்தியலால் தட்டி வெற்றோசை உள்ள பரப்பு முழுவதையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, அப்பரப்பையும் அதற்கப்பால் உப்பூறிய பகுதியையும், கம்பியின் பின்புறம் விரல் நுழையுமளவு ஆழத்துக்குக் கொத்தி எடுக்க வேண்டும். மூன்றாவது, கம்பியைப் பளபளக்கும் வரை துடைக்க வேண்டும். நான்காவது, குழியின் ஓரங்களை மெலிந்து மறையவிடாது செங்குத்தாக வெட்ட வேண்டும். ஐந்தாவது, பழங் கொங்கிறீற்றை நன்னீரால் நனைத்து, மேலே நீர் தேங்காத நிலையிற் சாந்திட வேண்டும். ஆறாவது, இறுகிய பின் ஈரம் காக்க வேண்டும். இந்த ஆறிற் பெரும்பகுதி நேரம் கொத்துவதிலும் துடைப்பதிலுமே செல்லும். விரைவுச் சீமெந்து மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை இவ்வேலைக்குச் செலவிட வேண்டும். இவ்வேலையையே மிச்சப்படுத்தினால் அடுத்த மாரி கணக்கைத் தீர்த்துவிடும். பிழை சீமெந்திலன்று. உப்பு தன் இயல்பைச் செய்தது. மிகுதியை மாணவியே அறிவாள்.

அவசர ஒட்டுக்கு அடுத்தபடியாக, புதிதாகக் கட்டும் மதகுகளில் உப்பே புகாதபடி கொங்கிறீற்றை நெருக்கமாக்குவதும் வேண்டும். அதற்கான பொருள் நம் வயல்களிலேயே கிடக்கின்றது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. அளவான வெப்பத்தில் எரித்து நுண்ணியதாக அரைத்தால், சீமெந்து விடும் சுண்ணாம்போடு அது சேர்ந்து துளைகளை அடைக்கின்றது. இந்தியாவிற் பிறந்து கலிபோர்னியாவிற் பணியாற்றிய பேராசிரியர் பி. கே. மேத்தா 1970கள் முதல் இதனை ஆராய்ந்து நிறுவினார். அரிசி ஆலையருகே குவிந்து கிடக்கும் சாம்பல் அப்படியே உதவாது. மிகு வெப்பத்தில் எரிந்ததாயின் அதன் வீரியம் குன்றிவிடும். முறையாக எரித்தலே இதன் இரகசியம்.

வீட்டில் ஒரு சோதனை

மாணவர்கள் மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்துக்கொள்க. முதலாவதில் நன்னீர், இரண்டாவதில் நீற்றிய சுண்ணாம்பு கலந்து தெளியவிட்ட நீர், மூன்றாவதில் அதே தெளிநீரோடு ஒரு மேசைக்கரண்டி உப்பு. ஒவ்வொன்றிலும் துடைத்த புது இரும்பாணி ஒன்றை இட்டு மூடி வைக்க. (நீறாத சுண்ணாம்பைத் தொட வேண்டா, தெளிநீரும் கண்ணிற் படலாகாது, பெரியோர் உடனிருக்க.) சில நாட்களில் நன்னீரில் உள்ள ஆணி துருப்பிடிக்கும், சுண்ணாம்புத் தெளிநீரில் உள்ளது பளபளக்கும். மூன்றாவதைத் தினமும் பார்த்துக் குறித்து வருக. காரத்தின் காப்பை உப்பு எவ்வாறு உடைக்கின்றது என்பது தெரியும்.

இல்லத்தரசிகளுக்கும் இல்லத் தலைவர்களுக்கும் ஒரு சொல். நீர்த் தொட்டியோ கூரைத் தட்டோ வெடித்தால் வாவி நீரையும் உவர்க் கிணற்று நீரையும் கொண்டு சாந்து குழைக்க விடாதீர்கள். கழுவாத கடல் மணலை ஏற்காதீர்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் நீர் விட்டு இளக்குவதைத் தடுங்கள். வேலை முடிந்ததும் நனைத்த சாக்கால் மூடி ஒரு வாரம் ஈரம் காத்துவிடுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது.

மாணவியின் கிராமத்து மதகு மீண்டும் ஒருநாள் செப்பனிடப்படும். அன்று அவள் அங்கே நின்று, சாந்திடுமுன் கொத்திய குழியைப் பார்த்து, "கம்பியின் பின்புறமும் எடுத்தீர்களா, ஐயா?" என்று பணிவுடன் கேட்கட்டும். அவ்வொரு கேள்வி பத்து மூட்டைச் சீமெந்துக்குச் சமம். அம்மம்மாவை மறுமுறை கதிரையிற் சுமக்க வேண்டியிராது.